பாடம் வீட்டில், தேர்வு கூடத்தில்

கல்லூரி மாணவர் ஒருவர், தம் பட்டப்படிப்பின் ஒரு பகுதியைத் தம் கல்லூரிக்கு வெளியே, வேறொரு நிறுவனத்தின் பேராசிரியர் இணையத்தில் நடத்தும் வகுப்பின் வழியாகப் படித்து முடிக்கலாம் என்னும் ஏற்பாட்டுக்குப் பல்கலைக்கழக மானியக் குழு 2016-இல் விதிமுறை வகுத்தது. மறு ஆண்டு, 2017 ஜூலை 9 அன்று, அத்தகைய படிப்புகளுக்கான 'ஸ்வயம்' என்னும் தேசியத் தளத்தை அன்றைய குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி தொடங்கி வைத்தார். ஒரு பருவத்தின் பாடங்களில் 20 விழுக்காடு வரை இவ்வாறு படிக்கலாம் என்றிருந்த வரம்பு 2021-இல் 40 விழுக்காடாக உயர்ந்தது. சேலம், நாமக்கல் மாவட்டங்களின் கல்லூரிகளில் படிக்கும் இளைஞர்களுக்கு இதன் பொருள் பெரிது. தம் கல்லூரியில் ஆசிரியர் இல்லாத ஒரு பாடத்தை, சென்னை ஐஐடியிலோ பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலோ பணிபுரியும் ஒருவரிடம், சேலம் அஸ்தம்பட்டி போன்ற இடங்களில் உள்ள தம் வீட்டிலிருந்தே அவர்கள் கற்க முடிகிறது. அதற்குரிய 'கிரெடிட்', அதாவது பட்டத்துக்குத் தேவையான கற்றல் அளவைக் குறிக்கும் அலகு, அவர்களுடைய மதிப்பெண் பட்டியலில் சேர்ந்துவிடுகிறது.

கிரெடிட் என்பது மாணவருக்கும் ஆசிரியருக்கும் இடையிலான கணக்கு மட்டுமன்று. அந்தப் பட்டியலைப் பின்னாளில் பார்த்து வேலை தரப்போகும் நிறுவனமும், மேற்படிப்புக்கு இடம் தரப்போகும் பல்கலைக்கழகமும், அந்தப் பட்டதாரி கட்டப்போகும் பாலத்தைக் கடக்கப்போகும் பொதுமக்களும் நம்பிக்கை வைக்கும் உறுதிமொழி அது. இன்னார் இன்ன பாடத்தை இந்த அளவுக்கு அறிந்திருக்கிறார் என்று ஒரு நிறுவனம் உறுதி சொல்லும்போது, அந்த 'இன்னார்' யார் என்பதையும், அந்த அறிவு அவருடையதுதானா என்பதையும் அது எவ்வாறு அறிந்தது என்ற கேள்விக்கு விடை இருந்தாக வேண்டும். வகுப்பறையில் இந்தக் கேள்வி பெரும்பாலும் எழுவதில்லை, ஏனெனில் ஆசிரியர் மாணவரின் முகத்தை அன்றாடம் பார்க்கிறார். இணையத்தில் ஆசிரியர் காண்பதெல்லாம் ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும்தான்.

இந்தச் சிக்கல் இணையத்தோடு பிறந்ததும் அன்று. லண்டன் பல்கலைக்கழகம் 1858-இல் பெற்ற சாசனத்தின் வழியாக, எங்கே, யாரிடம் படித்திருந்தாலும் தன் தேர்வை எழுதித் தேறியவருக்குப் பட்டம் தரும் முறையைக் கொண்டுவந்தது. கொழும்பில் 1921-இல் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி, 1942-இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவாகும் வரை, யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தமிழ் மாணவர்கள் உட்படத் தன்னிடம் பயின்றவர்களை லண்டன் பட்டத் தேர்வுகளுக்கே ஆயத்தம் செய்தது. பாடம் சொல்லித் தந்தவர் ஒருவர், பட்டம் தந்தவர் கடலுக்கு அப்பால் இருந்த வேறொருவர். எனினும் அந்தப் பட்டத்தை எவரும் குறைத்து மதிப்பிடவில்லை. தேர்வு ஒரு கூடத்தில், நாற்காலிகளுக்கு இடையே நடந்த கண்காணிப்பாளரின் முன்னிலையில் எழுதப்பட்டதே அதற்கு முதன்மையான காரணம். தமிழ்நாட்டில் மதுரை, அண்ணாமலை, சென்னைப் பல்கலைக்கழகங்கள் நடத்திய அஞ்சல்வழிக் கல்வியும் இதே அடிப்படையில்தான் நின்றது. பாடநூல் தபாலில் வந்தாலும் தேர்வு தபாலில் போனதில்லை.

இன்றைய இணையவழிப் படிப்புகளில் இந்த மரபை மிகத் தெளிவாகக் காப்பது என்பிடெல். ஏழு ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய இத்திட்டம், முதலில் பாடங்களைக் காணொளியாக வெளியிட்டு வந்தது. 2014 முதல் சான்றிதழும் தருகிறது. இதன் மதிப்பீட்டு முறையைச் சற்று விரிவாகவே நோக்க வேண்டும். பாடத்தில் சேர்வதற்குக் கட்டணம் இல்லை. பன்னிரண்டு வாரப் பாடத்தில் ஒவ்வொரு வாரமும் ஒரு பயிற்சியை மாணவர் இணையத்தில் முடித்துத் தருகிறார். அவற்றுள் சிறந்த எட்டின் சராசரிக்கு 25 மதிப்பெண். எஞ்சிய 75 மதிப்பெண்ணும் இறுதித் தேர்வுக்கு உரியது. அத்தேர்வை, அதற்குரிய கட்டணத்தைச் செலுத்தி, ஒரு சனி அல்லது ஞாயிற்றுக்கிழமையில், ஒதுக்கப்பட்ட மையத்துக்கு ஹால் டிக்கெட்டும் அடையாள அட்டையுமாக நேரில் சென்று மூன்று மணி நேரம் எழுத வேண்டும். தேர்ச்சிக்கு மொத்தம் 40 வேண்டும் என்பதோடு விதி நின்றுவிடவில்லை. பயிற்சியில் 25-க்கு 10-ம், தேர்வில் 75-க்கு 30-ம் தனித்தனியே பெற்றாக வேண்டும். எனவே பயிற்சிகளில் 25-ம் முழுமையாகப் பெற்ற ஒருவர் தேர்வில் 29 எடுத்தால், மொத்தம் 54 ஆகியும் அவருக்குச் சான்றிதழ் இல்லை.

இந்தக் கணக்கை வகுத்தவர்கள் வாரப் பயிற்சியின் மீது எவ்வளவு நம்பிக்கை வைத்தார்கள் என்பதை இக்கணக்கே காட்டிவிடுகிறது. வாரப் பயிற்சிகளுக்கான விடைகள் யூடியூபிலும் டெலிகிராம் குழுக்களிலும் கெடு முடிவதற்கு முன்பே வந்துவிடுகின்றன என்பதைக் கல்லூரி வளாகங்களில் அறியாதவர் இல்லை. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பிறகு, விடையைத் தேடும் சிரமம்கூட மாணவருக்கு இல்லாமல் போயிற்று. கேள்வியை ஒட்டினால் விளக்கத்தோடு விடை வருகிறது. வீட்டில் யாரும் பாராமல் செய்யும் பயிற்சி, கற்பதற்கு இன்றும் தேவையான உழைப்புதான் என்றாலும், ஒருவர் கற்றார் என்பதற்கு அது இனிமேல் சான்றாக நிற்க முடியாது. ஆகவே, கிரெடிட் தரும் இணையவழிப் படிப்பில் கண்காணிப்புடன் கூடிய இறுதித் தேர்வைக் கட்டாயமாக்குவது மாணவர்மீது கொண்ட ஐயத்தின் வெளிப்பாடு என்று கருதுவது பிழை. உண்மையாகப் படித்தவரின் கிரெடிட்டுக்கு மதிப்பு எஞ்சியிருக்க வேண்டுமானால், அவருக்கே இத்தேர்வு எல்லாரையும்விட அதிகமாகத் தேவைப்படுகிறது.

முழுப் பட்டத்தையும் இணையத்தில் தரும் படிப்புகளுக்கும் இதே விதி பொருந்தும். திறந்தநிலை, தொலைநிலை, இணையவழிக் கல்விக்காக மானியக் குழு 2020 செப்டம்பரில் வெளியிட்ட விதிமுறைகள், இறுதித் தேர்வு கண்காணிப்புத் தேர்வாக இருக்க வேண்டும் என்கின்றன. எழுதுபவர் யார் என்பதையும் எழுதும் சூழலின் நேர்மையையும் நடுநிலையான ஒருவரோ தொழில்நுட்பமோ உறுதி செய்யும் தேர்வே கண்காணிப்புத் தேர்வு என்பது அவ்விதியின் சாரம். 'ஒருவரோ தொழில்நுட்பமோ' என்று இரண்டையும் ஒரே தட்டில் வைத்த இடத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது. சென்னை ஐஐடி அதே 2020-இல் தொடங்கிய தரவு அறிவியல் பட்டப்படிப்பு, பாடங்கள் அனைத்தையும் இணையத்தில் நடத்தினாலும், தேர்வுகளுக்கு மாணவர்களை நகர்தோறும் உள்ள மையங்களுக்கு நேரில் வரச் சொல்கிறது. வேறு பல நிறுவனங்கள் எளிய வழியாகத் தொலைக் கண்காணிப்பைத் தேர்ந்தன.

தொலைக் கண்காணிப்பில் மாணவர் தம் வீட்டிலேயே கணினியின் முன் அமர்கிறார். மென்பொருள் ஒன்று பிற சாளரங்களைப் பூட்டி, கேமரா வழியே முகத்தை அடையாள அட்டையோடு ஒப்பிட்டு, கண் போகும் திசையையும் அறையின் ஒலியையும் பதிவு செய்கிறது. வழக்கத்துக்கு மாறாகத் தோன்றும் ஒவ்வொன்றையும் குறித்து வைக்கிறது. சில ஏற்பாடுகளில் தொலைவிலிருந்து ஒரு மனிதர் திரையில் பார்த்துக்கொண்டிருப்பார். பலவற்றில் செயற்கை நுண்ணறிவு மட்டுமே பார்க்கும்.

இம்முறை தமிழ்நாட்டில் பெரிய அளவில் சோதிக்கப்பட்டது கொரோனா காலத்தில். அண்ணா பல்கலைக்கழகம் 2020 நவம்பர் - டிசம்பர் பருவத்துக்குரிய தேர்வுகளை 2021 தொடக்கத்தில் செயற்கை நுண்ணறிவுக் கண்காணிப்புடன் இணையத்தில் நடத்தியது. முடிவுகள் வந்தபோது பெரும் எண்ணிக்கையில் மாணவர்கள் தோல்வியுற்றிருந்தார்கள். முறைகேடு செய்ததாக ஐயப்பட்டுப் பலருடைய முடிவுகள் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தன. தலையைத் திருப்பியதற்கும், அருகில் யாரோ பேசிய ஓசைக்கும் தாங்கள் குற்றவாளிகள் ஆக்கப்பட்டதாக மாணவர்கள் புகார் கூறினார்கள். அவ்வாண்டு மே மாதம் பொறுப்பேற்ற உயர்கல்வித் துறை அமைச்சர் க. பொன்முடி மறுதேர்வு நடத்தப்படும் என்று அறிவிக்க வேண்டியதாயிற்று.

அந்தப் புகாரின் பொருளைச் சேலம், நாமக்கல் மாவட்டத்து வீடுகளை அறிந்தவர் எளிதில் உணர்வர். அம்மாபேட்டையிலும் கொண்டலாம்பட்டியிலும் குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் வீட்டோடு சேர்ந்து தறி ஓடும் குடும்பங்கள் உண்டு. செவ்வாப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் வீடுகள் உண்டு. ஒரே அறையில் பாட்டியும் தம்பியும் தொலைக்காட்சியும் இருக்க, அதன் ஒரு மூலையில் மடிக்கணினியை வைத்து அமரும் மாணவிக்கு அமைதியான தனியறை என்பது கிடைக்காத வசதி. அமைதி உள்ளவரை நேர்மையானவர் என்றும் இல்லாதவரை ஐயத்துக்குரியவர் என்றும் குறித்துக்கொள்ளும் கருவி, ஒழுக்கத்தை அளப்பதாக எண்ணிக்கொண்டு வீட்டின் பரப்பளவை அளக்கிறது. இத்துடன் மென்பொருளின் கண்ணுக்கும் குறை உண்டு. அமெரிக்க ஆய்வாளர்கள் ஜாய் புவலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் 2018-இல் வெளியிட்ட ஆய்வு, முகத்தைப் பார்த்துப் பாலினத்தைக் கணிக்கும் வணிக மென்பொருள்கள் வெளிறிய தோலுடைய ஆண்களிடம் மிக அரிதாகவே பிழை செய்ய, கருத்த தோலுடைய பெண்களிடம் அவற்றுள் ஒன்றின் பிழை 34 விழுக்காட்டைத் தாண்டியது எனக் காட்டியது. அது தேர்வுக் கண்காணிப்பைப் பற்றிய ஆய்வன்று. எனினும் முகத்தை நம்பி இயங்கும் எந்தக் கருவியையும் தமிழ் மாணவர்கள்மீது ஏவுவதற்கு முன் எழுப்ப வேண்டிய கேள்வியை அது எழுப்புகிறது.

வீட்டுக்குள் கேமரா நுழைவதைச் சட்டமும் கவனித்துள்ளது. தேர்வுக்கு முன் அறையை முழுவதும் சுற்றிக் காட்டச் சொல்வது அரசமைப்பு தரும் பாதுகாப்பை மீறிய சோதனை என்று அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலக் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று 2022 ஆகஸ்டில், கிளீவ்லாந்து அரசுப் பல்கலைக்கழகத்துக்கு எதிரான வழக்கில் தீர்ப்பளித்தது. இந்தியாவில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-இலேயே கூறிவிட்டது.

ஆகவே தேர்வுக் கூடமே மேல் என்று முடிவு செய்யும்போது, கூடம் குற்றமற்றது என்று பாவிப்பதும் தவறாகும். 2019 செப்டம்பரில் நடந்த டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வில் இராமேசுவரம், கீழக்கரை மையங்களில் மறையும் மையைக் கொண்டு நடந்த மோசடி, கண்காணிப்பாளர் நின்றிருந்த கூடங்களில் எழுதிய தேர்விலேயே நடந்தது. 99 பேர் வாழ்நாள் முழுவதும் தேர்வு எழுதத் தடை செய்யப்பட்டார்கள். ஆனால் கூடத்துக்கும் தொலைக் கண்காணிப்புக்கும் ஒரு வேறுபாடு இருக்கிறது. கூடத்தில் நடந்த தவறுக்குப் பொறுப்பானவரைக் கண்டுபிடித்து விசாரிக்க முடிந்தது, தடையும் பெயர் குறித்துத்தான் விதிக்கப்பட்டது. மென்பொருள் ஒரு மாணவர்மீது இடும் ஐயக்குறிக்கு யார் பதில் சொல்வார் என்பது தெளிவாவதில்லை. மேலும், கூடத்தில் நிற்கும் கண்காணிப்பாளர் இருமலையும் கேள்வி கேட்பதையும் வேறுபடுத்தி அறிவார். பேனா விழுந்தால் எடுத்தும் தருவார்.

கூடத்தின் உண்மையான குறை தொலைவும் செலவுமே. பாடம் இலவசம் என்று சேர்ந்தவர் தேர்வுக் கட்டணத்தோடு பயணச் செலவையும் ஏற்க வேண்டியுள்ளது. கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வரும் மாணவருக்கு மையம் சேலத்தில் அமைந்தால், காலை ஒன்பது மணித் தேர்வுக்கு முதல்நாளே புறப்பட்டு எங்காவது தங்க நேரிடும். வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவருக்கும், கைக்குழந்தை உள்ள பெண்ணுக்கும், சக்கர நாற்காலியில் வருபவருக்கும் இந்தத் தொலைவு இன்னும் நீண்டது. இணையவழிக் கல்வி யாருக்காகத் தொடங்கப்பட்டதோ அவர்களையே தேர்வு வெளியே தள்ளுமானால் ஏற்பாட்டின் நோக்கம் பழுதாகிறது. கேள்வித்தாளின் இயல்பும் கவனிக்கத்தக்கது. கணினியில் எழுதும் தேர்வு பெரும்பாலும் கொள்குறி வினாக்களையே நாடுகிறது. கணிதத்துக்கு அது ஓரளவு போதும். இலக்கியத்தையும் வரலாற்றையும் நான்கு விடைகளுள் ஒன்றாகச் சுருக்கிய பிறகு, எவ்வளவு கடுமையாகக் கண்காணித்தாலும் மாணவரின் சிந்தனையைப் பற்றி அத்தேர்வு எதையும் சொல்வதில்லை. அத்தகைய பாடங்களுக்குக் கூடத்திலேயே தாளில் எழுதும் கட்டுரை விடையும், சிறு வாய்மொழித் தேர்வும் வேண்டும்.

இந்தத் தொலைவைக் குறைக்கப் புதிய கட்டடம் எதுவும் தேவையில்லை. அஸ்தம்பட்டியிலிருந்து ஏற்காடு சாலையில் சிறிது தூரம் சென்றால் கோரிமேட்டில் அரசு மகளிர் கலைக் கல்லூரி இருக்கிறது. கருப்பூரில் பெரியார் பல்கலைக்கழகமும் அரசு பொறியியல் கல்லூரியும் இருக்கின்றன. ராசிபுரத்திலும் நாமக்கல்லிலும் அரசு கலைக் கல்லூரிகள் உள்ளன. வார இறுதியில் பூட்டிக் கிடக்கும் அரசுக் கல்லூரிக் கணினிக் கூடங்களைத் தேர்வு நாள்களில் திறந்து, சொந்தக் கல்லூரி ஆசிரியரைத் தவிர்த்து அடுத்த கல்லூரி ஆசிரியரைக் கண்காணிப்பாளராக அமர்த்தி, அவருக்குரிய ஊதியத்தைப் பல்கலைக்கழகமே ஏற்றால், கொல்லிமலை மாணவர் ராசிபுரத்தோடு நின்றுவிடலாம். ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை இணையத்தில் படிக்க அனுமதித்த அரசு, முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கேனும் தேர்வுக் கட்டணத்தைத் தானே செலுத்துவதும், மையம் சொந்த வட்டத்துக்குள் கிடைப்பதை உறுதி செய்வதும் அந்த அனுமதியோடு சேர்ந்தே வந்திருக்க வேண்டியவை.