வலது கன்னத்தில் விழுந்த அடி

என் அக்கா மகனுக்கு வயது 19. ஆட்டிசம் உள்ளவன். 'தண்ணி', 'போலாம்', 'வேணாம்' என்ற மூன்று சொற்களை வைத்தே நாளை ஓட்டிவிடுவான். போன ஆடி மாதம் திடீரென்று வலது கன்னத்தில் தானே அறைந்துகொள்ள ஆரம்பித்தான். முறுக்கு என்றால் உயிரை விடுகிறவன் முறுக்கைத் தொடவில்லை. ராத்திரி எழுந்து வீடு முழுக்க நடந்தான். வழக்கமாகப் பார்க்கும் மருத்துவர், "இந்தப் பசங்களுக்கு இந்த வயசுல இப்படி வரும்" என்று தூக்க மாத்திரையைக் கூட்டினார். அக்கா அவன் கைக்குத் துணி சுற்றிவிட்டாள்.

ஐந்தாவது வாரம், அவன் அசந்து தூங்கும்போது டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்தாள். கீழ் வரிசைக் கடைவாய்ப் பல்லில் பெரிய சொத்தை. பக்கத்து ஈறில் சுண்டைக்காய் அளவுக்கு வீக்கம்.

"ஒரு மாசமா இடத்தைத் தொட்டுக் காட்டிட்டிருக்கான்டா. நான் கையைக் கட்டிப் போட்டிருக்கேன்" என்றாள் என்னிடம்.

உடம்பில் வரும் வலியை, ஏற்கெனவே இருக்கும் குறைபாட்டின் குணம் என்று கணக்கில் எழுதிவிடுவது மருத்துவத்தில் நன்றாகத் தெரிந்த தவறு. ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, மூளை முடக்குவாதம், முற்றிய மறதி நோய் என்று வலியைச் சொல்ல முடியாதவர்கள் எல்லாரும் இதில் மாட்டுகிறார்கள். பழக்கம் திடீரென்று மாறினால், அதாவது தலையை முட்டிக்கொள்வது, ஒரு பக்கமாகவே மெல்லுவது, பிடித்த பண்டத்தை ஒதுக்குவது, பிரஷ்ஷைக் கண்டால் ஓடுவது என்று எது வந்தாலும், மாத்திரையைக் கூட்டும் முன் வாயைப் பார்க்கச் சொல்லுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

சொத்தை என்று தெரிந்த பிறகுதான் அடுத்த படலம். முதல் கிளினிக்கில் எங்களை உட்காரவே விடவில்லை. "இந்த மாதிரி கேஸ் இங்க பாக்கறதில்ல, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க." எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டதற்குப் பதில் இல்லை. இரண்டாவது இடத்தில் வேறு வகை: "நாலு பேர் அமுக்கிப் பிடிச்சுக்கிட்டா அஞ்சு நிமிஷத்துல பிடுங்கிடலாம்."

இரண்டு பதிலுமே தப்பு. முதல் பதிலைச் சட்டம் தொடுகிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பிரிவு 3, குறைபாட்டைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்யக் கூடாது என்கிறது. ஒருவருடைய தேவைக்கு ஏற்ப, தாங்கக்கூடிய அளவில் செய்துகொடுக்க வேண்டிய மாற்றங்களை மறுப்பதும் பாகுபாடுதான் என்று அதே சட்டத்தின் விளக்கப் பிரிவு சொல்கிறது. பிரிவு 25, அரசு மருத்துவமனை மட்டுமல்ல, தனியார் மருத்துவமனையும் தடையின்றி நுழையக்கூடியதாக இருக்க அரசு வழிசெய்ய வேண்டும் என்கிறது. வரிசையிலும் சிகிச்சையிலும் முன்னுரிமை என்கிறது. மனநோய்க்குச் சிகிச்சை பெறுகிறவர்களுக்கு மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 பிரிவு 21 இருக்கிறது: மற்ற நோயாளிக்குச் சமமாக நடத்த வேண்டும். எச்ஐவி உள்ளவர்களுக்கும் 2017-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. 'எச்ஐவி டெஸ்ட் எடுத்துட்டு வந்தாத்தான் பல்லைத் தொடுவேன்' என்று நிபந்தனை போட அது இடம் தரவில்லை.

ஒரு மருத்துவர் தன்னிடம் வசதி இல்லை என்று சொல்வதே குற்றம் என்று நான் சொல்ல வரவில்லை. இதயக் கோளாறு உள்ள குழந்தைக்குச் சின்ன கிளினிக்கில் மயக்க மருந்து கொடுக்காமல் இருப்பது பொறுப்பான செயல். ஆனால் வலிக்கு மருந்து எழுதி, இன்ன இடத்துக்குப் போங்கள் என்று கடிதம் கொடுத்து அனுப்புவதும் கதவைச் சாத்துவதும் ஒன்றல்ல.

'அமுக்கிப் பிடிக்கிற' விஷயத்துக்கு வருவோம். அழுகிற குழந்தையின் வாயைக் கையால் பொத்தி அடக்கும் முறை ஒன்று ஒருகாலத்தில் பாடப் புத்தகத்திலேயே இருந்தது. அமெரிக்கக் குழந்தைப் பல் மருத்துவக் கழகம் 2006-ல் அதைத் தன் வழிகாட்டுதலிலிருந்து நீக்கியது. அவசரத்தில், நோயாளி தன்னைக் காயப்படுத்திக்கொள்ளாமல் இருக்க, சற்று நேரம் பிடித்துக்கொள்ள நேரலாம். அதற்கும் ஏன், எப்படி, எவ்வளவு நேரம் என்று விளக்கிச் சம்மதம் வாங்க வேண்டும். நேரத்தை மிச்சம் பிடிக்கப் பிடிப்பது கூடாது. ஒருமுறை அமுக்கிப் பிடுங்கிய பல்லுக்காக, அடுத்த பத்து வருடம் அந்தப் பிள்ளை வெள்ளைக் கோட்டைக் கண்டாலே கத்தும். சிறுவயதில் அடியும் அத்துமீறலும் பட்ட பெரியவர்களுக்கும் இதே கதைதான். மல்லாந்து படுத்து, முகத்துக்கு மேல் இன்னொருவர் குனிந்து, வாய்க்குள் கைவிடும் நிலை அவர்களுக்குச் சிகிச்சையாகத் தோன்றாது. அவர்கள் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. 'நான் கையைத் தூக்கினால் நிறுத்துங்கள்' என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டால் போதும்.

நாங்கள் போன மூன்றாவது பல் மருத்துவர் ஒரு பெண்மணி. போனிலேயே அரைமணி நேரம் கேட்டார். என்ன மருந்து, எந்தச் சத்தம் ஆகாது, யார் கையைப் பிடித்தால் அமைதியாவான். கொடுத்த நேரம், காலையில் முதல் ஆளாக. விளக்கை முகத்தில் அடிக்கவில்லை. மிஷினை ஓட்டவில்லை. அக்கா மடியில் தலை வைத்துத் தரையில் படுத்தவனை அவரும் தரையில் உட்கார்ந்தே பார்த்தார். சீழுக்கு மருந்து எழுதிவிட்டு, "பல்லை எடுத்துத்தான் ஆகணும், இவன் முழிச்சிருக்கும்போது வேணாம்" என்று, மயக்க மருந்து நிபுணர் உள்ள மருத்துவமனைக்குக் கடிதம் கொடுத்தார். அங்கே ஒரே மயக்கத்தில் அந்தப் பல்லை எடுத்து, வேறு நான்கு சொத்தைகளையும் அடைத்து, காறையும் சுரண்டி அனுப்பினார்கள். பொது மயக்கம் கொடுப்பதென்றால் இப்படி எல்லாவற்றையும் சேர்த்து முடிக்கச் சொல்லிக் கேட்பது நல்லது. பொதுவாக உணவும் பாலும் 6 மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும். தண்ணீர் 2 மணி நேரம் முன்புவரை. பசி தாங்காத பிள்ளை என்று ரகசியமாக ஒரு பிஸ்கட் கொடுத்தால், அது மூச்சுக்குழாயில் ஏறி உயிருக்கே உலை வைக்கலாம்.

சம்மதப் படிவத்தில் ஒரு சிக்கல் வந்தது. 18 முடிந்தவர் சட்டப்படி பெரியவர். அம்மா என்பதாலேயே கையெழுத்துப் போடும் அதிகாரம் வந்துவிடாது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்குத் தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999-ன் கீழ், மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு பாதுகாவலரை நியமிக்கும். பிள்ளைக்கு 18 ஆனதும் விண்ணப்பித்துவிடுங்கள். பல்வலியோடு அலையும்போது அந்தக் காகிதம் கிடைக்காது. இதே நான்கு பிரிவினருக்கு 'நிராமயா' காப்பீடு உண்டு. ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை. புறநோயாளிச் செலவோடு பல் பராமரிப்பும் அதில் சேரும். முதலில் நாம் செலவழித்துப் பிறகு திரும்பப் பெறும் முறை என்பதால், அசல் பில்லைத் தொலைக்கக் கூடாது.

மருந்துச் சீட்டைப் பல் மருத்துவரிடம் காட்டாமல் விடுவதுதான் நம் வீடுகளில் அதிகம் நடக்கும் தப்பு. 'பல்லுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?' என்கிறோம். நிறையவே உண்டு. வலிப்புக்குத் தரும் ஃபெனிட்டாய்ன் பலருக்கு ஈறைத் தடிக்கவைத்துப் பல்லை மூடும். வாயைச் சுத்தமாக வைத்தால் அது குறையும். மருந்தை நாமாக நிறுத்தக் கூடாது. படுக்கும் முன் தரும் இனிப்பு சிரப் ராத்திரி முழுக்கப் பல்லில் ஒட்டியிருக்கும். மனநல மருந்துகள் பலவும் எச்சிலை வற்றவைக்கும். எச்சில் வற்றினால் சொத்தை வேகமாகப் பரவும். இருமுனைக் கோளாறுக்கு லித்தியம் சாப்பிடுகிறவர் பல் எடுத்த பிறகு ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் விழுங்கினால், ரத்தத்தில் லித்தியம் ஏறி நஞ்சாகலாம். கை நடுக்கம், வயிற்றுப்போக்கு, தள்ளாட்டம் வந்தால் உடனே ஆஸ்பத்திரி. பாரசிட்டமால் அவர்களுக்குப் பொதுவாகப் பாதுகாப்பானது.

டவுன் சின்ட்ரோம் உள்ள குழந்தைகளில் கிட்டத்தட்டப் பாதிப்பேருக்குப் பிறவி இதயக் கோளாறு இருக்கும். சில வகைக் கோளாறுகளில், பல் எடுப்பதற்கு முன்பே ஆன்டிபயாடிக் கொடுத்தாக வேண்டும். ஈறிலிருந்து கிருமி ரத்தத்தில் கலந்து இதயத்தில் தங்கிவிடும் ஆபத்து. யாருக்குத் தேவை என்று இதய மருத்துவர் எழுதித் தரட்டும். ரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபீலியா உள்ளவருக்கு, உறையவைக்கும் ஃபேக்டர் ஏற்ற வேண்டுமா என்று அவருடைய மருத்துவரைக் கேட்காமல் பல்லில் கைவைக்கக் கூடாது. மரத்துப்போகும் ஊசி போட்ட இடத்திலேயே ரத்தம் கட்டி மூச்சை அடைத்துவிடலாம்.

சரி, திருப்பி அனுப்பினால் எங்கே போவது? சண்டை போடும் முன் ஒரு வரி எழுதி வாங்குங்கள்: 'இந்தக் காரணத்தால் சிகிச்சை அளிக்கவில்லை' என்று. பாதி இடங்களில் அந்த வரியைக் கேட்டதுமே நாற்காலி காலியாகிவிடும் என்பது என் அனுபவம். எழுதித் தர மறுத்தால் தேதி, நேரம், சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் நீங்களே குறித்துவையுங்கள். அரசு மருத்துவமனை என்றால் 104-ல் புகார் சொல்லலாம். பாகுபாடு என்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு எழுதலாம். சாட்சியை வரவழைக்கும் விஷயத்தில் உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரம் அவருக்கு உண்டு. அவர் பரிந்துரைத்தால், எடுத்த நடவடிக்கையை 3 மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டும். சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரையிலும், மறுபடி மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரையிலும் அபராதம். பல் மருத்துவரின் நடத்தை பற்றிய புகாருக்கு மாநில பல் மருத்துவக் கவுன்சில். காசு கட்டிய இடத்தில் கவனக்குறைவால் கேடு வந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2 ஆண்டுக்குள் போக வேண்டும், கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் கிடையாது.

பிரிட்டனில் இப்படிச் சிறப்புக் கவனிப்புத் தேவைப்படுகிறவர்களுக்கான பல் மருத்துவத்தை 2008-லேயே தனிச் சிறப்புத் துறையாக அங்கீகரித்துவிட்டார்கள். நம் பக்கம் இதைப் பெரும்பாலும் குழந்தைப் பல் மருத்துவத்தின் ஒரு பாடமாகவே கற்கிறார்கள். அதனால் மீசை முளைத்த பிள்ளையோடு போனால் குழந்தைகள் பிரிவும் தயங்குகிறது, பெரியவர்கள் பிரிவும் தயங்குகிறது. அக்காவுக்கு நடந்ததில் பாதி இந்த இடைவெளிதான்.

மயக்க சிகிச்சை முடிந்து மூன்று மாதம் ஆகிறது. அந்த மூன்றாவது பல் மருத்துவரிடம் அவனைச் சும்மா அழைத்துப் போய்வரும் பழக்கத்தை அக்கா விடவில்லை. முதல் தடவை வாசலோடு திரும்பினான். அடுத்த தடவை நாற்காலியை மேலும் கீழும் ஏற்றி இறக்கி விளையாடினான். போன வாரம் அவனாகவே ஏறிப் படுத்தான். டாக்டர் சின்னக் கண்ணாடியை எடுத்தார். "வேணாம்" என்றான். அவர் அதைத் தட்டில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். மின்விசிறியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அவனே வாயைத் திறந்தான்.