இணையவழி ஓதற்கல்வி

திருக்குர்ஆனை ஓதுதல் செவிவழி வந்த கல்வியாகும். ஆசிரியர் ஓதக் கேட்டு, அவர்முன் ஓதிக்காட்டித் திருத்தம் பெறுவதே மரபு. தொண்டாமுத்தூரில் இருந்தவாறு இணையவழி ஆசிரியரைத் தேடும் நாமும் அம்மரபையே அளவுகோலாகக் கொள்ளல் வேண்டும்.

தமிழில் ககரம் ஒன்றே. அரபியில் 'காஃப்' எனப்படும் எழுத்துகளே இரண்டு. அடிநாவில் பிறக்கும் ஒலியால் 'கல்பு' இதயமாகும். சற்று முன்னே பிறப்பின் நாயாகும். பலரும் ஒருசேர ஓதும் வகுப்பில் இப்பிழை மறைந்துவிடும். ஆதலின், முதற்பாடத்தில் நாம் குழந்தையுடன் அமர்ந்து, ஆசிரியர் தனித்தனியே ஓதக் கேட்கிறாரா, பிழையை நிறுத்தித் திருத்துகிறாரா, தஜ்வீது விதிகளைத் தமிழில் விளக்குகிறாரா எனக் காணல் வேண்டும். அவர் யாரிடம் ஓதி இஜாஸா பெற்றார் என வினவுதலும் முறையே. முதுமையில் ஓதத் தொடங்குவோர்க்கும் இவை பொருந்தும்.