மின்சார என்ஜினீயரிங்கில் எந்தப் பிரிவு?

கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. மின்சார என்ஜினீயரிங் படிப்பு. வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி!

இரண்டு ஆண்டுகள் ஓடியதும் ஒரு கேள்வி வருகிறது. "சிறப்புப் பாடமாக எதை எடுப்பது?"

மாமா ஒன்று சொல்வார். பக்கத்து வீட்டார் வேறொன்று சொல்வார்கள். கடன் வாங்கிப் பணம் கட்டிய தந்தைக்கோ கவலை!

இதற்கு விடை தேடி வெகுதூரம் போக வேண்டாம். செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரையைப் பார்த்தாலே போதும்.

கல்பாக்கம்

மாமல்லபுரத்துக்குத் தெற்கே உள்ளது கல்பாக்கம். இங்குள்ள அணுமின் நிலையத்தின் முதல் உலை 1983-ம் ஆண்டிலும், இரண்டாவது உலை 1985-ம் ஆண்டிலும் இயங்கத் தொடங்கின. ஒவ்வொன்றின் திறன் 220 மெகாவாட்.

உலையின் வெப்பத்தால் தண்ணீர் நீராவி ஆகிறது. நீராவி டர்பைனைச் சுழற்றுகிறது. அதனுடன் ஜெனரேட்டரும் சுழல்கிறது. மின்சாரம் பிறக்கிறது!

அந்த மின்சாரத்தை அப்படியே தொலைதூரம் அனுப்பினால், கம்பி சூடாகிப் பெரும் பகுதி வீணாகும். ஆகவே டிரான்ஸ்பார்மர் மூலம் மின் அழுத்தத்தை உயர்த்துகிறார்கள். அழுத்தம் 2 மடங்கு ஆனால், மின் ஓட்டம் பாதியாகும். கம்பியில் ஏற்படும் நஷ்டம் 4-ல் ஒரு பங்காகக் குறையும்.

இந்தக் கணக்கு பிடித்தவர்களுக்கு ஏற்றது, மின்சக்திப் பிரிவு.

உலைக்குள் மனிதர் எட்டிப் பார்க்க முடியாது. வெப்பத்தையும் அழுத்தத்தையும் கருவிகளே அளக்கின்றன. அளவு மீறினால், உலையைத் தானாக நிறுத்தும் ஏற்பாடும் உண்டு. இதைக் கற்றுத்தருவது, கருவி மற்றும் கட்டுப்பாட்டுப் பிரிவு.

நெம்மேலி

மாமல்லபுரத்துக்கு வடக்கே நெம்மேலி. கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் இங்கு 2013-ம் ஆண்டு திறக்கப்பட்டது. அதன் திறன் நாள் ஒன்றுக்கு 10 கோடி லிட்டர்.

உப்பைப் பிரிக்க, கடல்நீரை மிகுந்த அழுத்தத்துடன் மெல்லிய சவ்வுகளில் செலுத்த வேண்டும். அந்த வேலையை மின்மோட்டார் பம்புகள் செய்கின்றன. மோட்டாரின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் கலைதான் "பவர் எலக்ட்ரானிக்ஸ்". சூரிய மின்சாரத்துக்கும், மின்சாரக் காருக்கும் இதுவே தேவை.

எப்படித் தேர்ந்தெடுப்பது?

கணிதம், மின்சுற்று, மின் இயந்திரம் ஆகியவை எல்லாப் பிரிவுக்கும் அஸ்திவாரம். அது உறுதியாக இருந்தால், பின்னால் வேறு பிரிவுக்கு மாறுவதும் கடினம் அல்ல.

"எதில் சம்பளம் அதிகம்?" என்று மட்டும் கேட்காதீர்கள். சந்தை மாறிக்கொண்டே இருக்கும். "எந்தச் சோதனைக்கூடத்தில் நேரம் போனதே தெரியவில்லை?" என்று பிள்ளையைக் கேளுங்கள். அந்தப் பதிலைக் காது கொடுத்துக் கேளுங்கள்.

பணம் கட்டுவது பெற்றோர். ஆனால், வாழ்நாள் முழுவதும் அந்த வேலையைச் செய்யப்போவது பிள்ளைதானே!