மணவறையும் போர்க்களமும்

இல்லறத்தை முன்னும் துறவறத்தைப் பின்னும் வைத்து எண்ணுவது தமிழர் மரபு. திருக்குறளும் அம்முறையிலேயே அமைந்துள்ளது. இம்முறையை மாற்றி, இருபது ஆண்டுகள் துறவியாக வாழ்ந்த பின்னர் இல்லறத்துள் நுழைந்தவர் மாட்டின் லூதர். கிறித்தவ சமயச் சீர்திருத்தத்தின் முதல்வர் எனப் போற்றப்படும் அவருடைய திருமணத்தைப் பற்றி நம் மாணவர் வரலாற்று நூல்களிலே ஒரு வரி படித்திருப்பர். துறவி ஒருவர் கன்னியாஸ்திரி ஒருவரை மணந்தார் என்பதே அவ்வரி. அத்திருமணம் எந்த மாதத்தில் நிகழ்ந்தது, அம்மாதத்தில் அந்நாட்டு வயல்களின் நிலை என்ன என்பவற்றை நாம் கேட்பதில்லை.

1525ஆம் ஆண்டு யூன் மாதம் 13ஆம் திகதி மாலை, ஜேர்மனியின் விற்றன்பேர்க் நகரிலே, துறவியர் பெரும்பாலும் நீங்கிவிட்ட அகுஸ்தீனியர் மடத்தில், ஒரு சில நண்பர் முன்னிலையில் அத்திருமணம் நடந்தேறியது. மணமகனுக்கு வயது 41. மணமகள் கதரீனா வொன் போராவுக்கு வயது 26. நகரக் குருவான புகன்ஹாகன் மணத்தை நடத்திவைத்தார். ஓவியர் லூக்காஸ் கிரனாக்கும் அவர் மனைவியாரும் சாட்சிகளாக இருந்தனர்.

கதரீனா அம்மையார் நிம்ப்ஷன் என்னும் இடத்திலிருந்த கன்னியர் மடத்தில் வளர்ந்தவர். லூதரின் நூல்களைப் படித்து உள்ளம் மாறிய கன்னியர் பன்னிருவர், 1523ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறை ஒட்டிய இரவொன்றிலே, தோர்கோ நகர வணிகர் லெயொன்ஹாட் கொப்பேயின் வண்டியில் ஏறித் தப்பிவந்தனர். மடத்துக்கு மீன் பீப்பாக்கள் கொண்டுவரும் வணிகர் அவர். தப்பியவர்களுள் கதரீனாவும் ஒருவர். ஏனையோருக்கு மணமோ புகலிடமோ அமைய, இவர் மாத்திரம் எஞ்சினார். தமக்கென ஒருவர் முன்மொழிந்த வரனை வேண்டாம் என்று மறுத்து, லூதரையாயின் மணப்பேன் என்று தம் வாயாலேயே சொன்ன துணிவுடையவர் அவர்.

வயல்களில் எழுந்த குரல்

அவ்வாண்டு இளவேனிலிலே தென்ஜேர்மனியிலும் நடுஜேர்மனியிலும் குடியானவர்கள் கிளர்ந்தெழுந்தனர். மார்ச்சு மாதத்தில் மெமிங்கன் நகரிலே அவர்கள் பன்னிரண்டு கோரிக்கைகளை வகுத்தனர். தம் குருவைத் தாமே தேர்ந்துகொள்ளும் உரிமை வேண்டும். காட்டிலே விறகும் ஆற்றிலே மீனும் ஏழைக்கு மறுக்கப்படலாகாது. கிறித்து தம் இரத்தத்தால் எல்லாரையும் மீட்டிருக்க, எம்மை மட்டும் அடிமைகளாக வைத்திருப்பது எங்ஙனம் தகும்? இவை அவற்றுட் சில. கோரிக்கைகளுள் எதுவாயினும் வேதாகமத்துக்கு மாறானது என்று காட்டப்படின் அதனைக் கைவிடுவோம் என்றும் இறுதியில் எழுதிவைத்தனர். எதையும் வேதாகமத்தைக் கொண்டே அளத்தல் வேண்டும் என்று அவர்களுக்குக் கற்பித்தவர் லூதரே அன்றோ?

லூதர் ஏப்பிரல் மாதத்தில் எழுதிய முதல் மறுமொழி நிதானமானது. இந்தக் கிளர்ச்சிக்கு முதற்காரணர் பிரபுக்களே என்றும், குடிகளை வாட்டி வரி பறித்ததன் பலன் இது என்றும் அவர்களை அவர் இடித்துரைத்தார். ஆயினும் அடிமை நிலை பற்றிய கோரிக்கையை அவர் ஏற்கவில்லை. ஆபிரகாம் முதலிய முன்னோரும் அடிமைகளை வைத்திருந்தனர். கிறித்துவின் விடுதலை ஆன்மாவுக்கு உரியது, உடலுக்கு உரியதன்று என்பது அவர் வாதம்.

மே மாதத் தொடக்கத்திலே நிதானம் போயிற்று. கலகம் பரவிய ஊர்களிற் பயணம் செய்து, தம் சொல் அங்கு எடுபடாமையை நேரிற் கண்டுவந்தவர், குடியானவர் கூட்டங்களுக்கு எதிராக ஒரு சிறுநூல் எழுதினார். அவர்களை வெட்டியும் குத்தியும் வீழ்த்துவது ஆள்வோர் கடமை என்று அதிலே கூறினார். அதே நாட்களில் மன்ஸ்பெல்ட் நாட்டு ஆலோசகரும் தம் உறவினருமாகிய ரூயலுக்கு வரைந்த கடிதத்திலேதான், சாவதற்கு முன் என் கதரீனாவை மணந்துகொள்வேன், சாத்தானுக்கு அது எரிச்சலூட்டட்டும் என்ற கருத்தையும் அவர் வெளியிட்டார். போர்முரசும் மணமுரசும் ஒரே வாரத்திலே அவர் நெஞ்சில் ஒலித்தன.

மே 15ஆம் திகதி பிராங்கன்ஹௌசன் என்னும் இடத்தில் பிரபுக்களின் படை குடியானவர் கூட்டத்தைச் சூழ்ந்து ஆயிரக்கணக்கானோரை வெட்டி வீழ்த்தியது. அவர்களுக்கு வழிகாட்டியாயிருந்த போதகர் தோமஸ் முன்சர், ஒருகாலத்தில் லூதரின் அணியிலே நின்றவர். அவர் பிடிபட்டு வதைக்கப்பட்டு, 27ஆம் திகதி தலை துணிக்கப்பட்டார். அப்போர் முழுவதிலும் மாண்டோர் 70,000 முதல் 100,000 வரை என்பது வரலாற்றாசிரியர் பலர் கூறும் மதிப்பு. பிராங்கன்ஹௌசன் படுகொலைக்கும் விற்றன்பேர்க் திருமணத்துக்கும் இடையே ஒரு மாதமும் முழுதாகக் கழியவில்லை.

புதுமணமகனின் கடிதங்கள்

மணமான பின் வந்த நாட்களிலே லூதர் எழுதிய கடிதங்கள் நமக்குக் கிடைத்துள்ளன. யூன் 15ஆம் திகதி மன்ஸ்பெல்ட் நண்பர்களுக்கு எழுதியதில், தம் சிறுநூலால் எழுந்த கூக்குரலைப் பற்றி மனம் நொந்து பேசுகிறார். கடவுள் தம் மூலம் உலகுக்குச் செய்ததை எல்லாரும் மறந்தனர். பிரபுக்களும் குருமாரும் குடியானவரும் ஒருங்கே பகைவராயினர். அவர்களுக்கு இன்னும் சினமூட்டவே மணந்துகொண்டேன், தந்தையின் விருப்பமும் அதுவே என்கிறார். மறுநாள் எழுதிய மற்றொரு கடிதத்தில், இத்திருமணத்தால் தாம் உலகின் ஏளனத்துக்கு ஆளாயினும், வானதூதர் சிரிப்பர், பேய்கள் அழும் என நம்புவதாகக் கூறுகிறார். 21ஆம் திகதி நண்பர் அம்ஸ்டோர்புக்கு, தாம் காமத்தால் எரிபவர் அல்லர் என்றும், எனினும் மனைவியை அருமையாக மதிப்பதாகவும் எழுதுகிறார். 27ஆம் திகதி நடக்கவிருந்த விருந்துக்கு, மீன் வணிகர் கொப்பேயையும் அழைக்க அவர் மறக்கவில்லை.

நண்பர் எல்லாரும் மகிழ்ந்தனர் அல்லர். நெருங்கிய துணைவரான மெலாங்தன், நாடு இவ்வளவு துயருற்றிருக்கும் வேளையிலா இவருக்கு மணம் என்று மனம் புழுங்கி, பிறர் எளிதிற் படித்தறியாவண்ணம் கிரேக்க மொழியில் நண்பர் ஒருவருக்குக் கடிதம் எழுதினார். இக்குறை இன்று படிப்போர்க்கும் தோன்றக்கூடியதே. ஆயினும் லூதர் தரப்பையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். உலகின் முடிவு அண்மித்தது என்று அவர் நம்பினார். தம் உயிர் எந்நாளும் பறிக்கப்படலாம் என்றும் எண்ணினார். அந்நிலையிலே ஒரு பெண்ணை மணந்து வீடமைத்தல் அவருக்கு இன்பநாட்டமன்று. படைப்பு நல்லது என்ற விசுவாசத்தின் அறிக்கை. குழந்தையின் அழுக்குத் துணியைத் தகப்பன் துவைப்பதும் கடவுளுக்கு உவந்த தொண்டே என்று 1522ஆம் ஆண்டிலேயே அவர் எழுதியிருந்தார். துறவே உயர்ந்தது, இல்லறம் தாழ்ந்தது என்ற பன்னூற்றாண்டுக் கருத்தை அவர் அசைத்தது சிறிய காரியமன்று.

அந்த முதல் ஆண்டை அவர் பிற்காலத்தில் நகையுடன் நினைவு கூர்ந்தார். விழித்தெழும்போது தலையணையிலே முன்பு காணாத இரு பின்னல்களைக் கண்டு திகைப்பாராம். அவர் ஊன்றிப் படித்துக்கொண்டிருக்கையில், அருகில் இருந்து நூல் நூற்கும் கதரீனா, பேச்சுக்கு ஒரு தொடக்கம் தேடி, பிரஷ்யாவின் தலைவர் இன்ன பிரபுவின் சகோதரரா என்று கேட்பாராம். கணவனின் உலகத்துக்குள் நுழைய ஒரு புதுமணப்பெண் தட்டிய கதவு அது. அரசியல் அந்த வீட்டுக்குள் அவ்வாறு மெல்ல வந்தது.

மற்றொரு மனைவி

அதே கோடையில் வேறொரு வீட்டுக்குள் அரசியல் வேறு விதமாக நுழைந்தது. முன்சரின் மனைவியார் ஒற்றிலியா வொன் கேர்சனும் கதரீனாவைப் போல் உயர்குடியிற் பிறந்தவர். கன்னியர் மடத்திலிருந்து வெளியேறியவர். 1523ஆம் ஆண்டு போதகர் ஒருவரை மணந்தவர். ஒரே நம்பிக்கையின் காற்று இருவரையும் மடத்தைவிட்டு வெளியே கொணர்ந்தது. ஒருவர் மணமாலை சூடிய மாதத்துக்கு முந்திய மாதத்திலே மற்றவர் விதவையானார். முன்சர் சிறையிலிருந்து மூல்ஹௌசன் மக்களுக்கு எழுதிய இறுதிக் கடிதத்தில், தம் நூல்களையும் உடைகளையும் மனைவிக்குக் கொடுக்குமாறு வேண்டியிருந்தார்.

லூதர் மணமாகி ஒரு மாதமளவில், யூலையிலே, தம் சிறுநூலைக் காத்து ஒரு பகிரங்கக் கடிதம் வெளியிட்டார். அதிலே அவர் எழுதியதை மீளப் பெறவில்லை. இரக்கம் கடவுளின் இராச்சியத்துக்கு உரியது, உலக இராச்சியத்துக்கு உரியது வாளே என்று மேலும் வலியுறுத்தினார். ஆனால் கடிதத்தின் பிற்பகுதியில், வெற்றிக்குப் பின்னும் இரத்தவெறி தணியாத பிரபுக்களை நோக்கி அவர் குரல் திரும்புகிறது. அங்கே ஒரு செய்தியைச் சொல்கிறார்: மூல்ஹௌசனிலே பெருமகன் ஒருவன், கருவுற்றிருந்த முன்சரின் விதவையை அழைத்து, மண்டியிட்டுத் தகாத வேண்டுகோள் விடுத்தானாம். கைவிடப்பட்ட ஏழைப் பெண்ணிடத்திலா உன் வீரம் என்று லூதர் கொதிக்கிறார்.

கடிதம் முழுவதிலும் நம் நெஞ்சைத் தொடும் இடம் இதுவே. தம் பரம வைரியின் மனைவியை அவர் ஒரு கணம் ஒரு பெண்ணாகக் காண்கிறார். தம் வீட்டிலும் ஒரு மனைவி இருப்பதனாலேதான் அக்காட்சி அவர் கண்ணிற் பட்டது என்று துணிந்து சொல்ல நமக்குச் சான்றில்லை. ஆயினும் ஒரு விதவையைக் கண்ட அக்கண், அவ்வாண்டில் விதவையரான ஆயிரமாயிரம் குடியானவப் பெண்களைக் காணவில்லை என்பதற்கு அவர் எழுத்தே சான்று. பல ஆண்டுகளின் பின் உணவு மேசையிலே பேசுகையில், அக்குடியானவர்களின் இரத்தம் தம் கழுத்தின்மேல் உள்ளது என்று அவரே ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டு, அப்படிப் பேசும்படி கட்டளையிட்ட ஆண்டவர்மேல் அப்பாரத்தை வைத்துவிட்டார்.

ஓகஸ்ற் மாதத்தில் ஒற்றிலியா, சக்சனிக் கோமகன் ஜோர்ஜுக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். தம் வறுமையைச் சொல்லி, பறிபோன உடைமைகளைத் தருமாறு கெஞ்சினார். அவர் மீண்டும் மடத்துக்குச் செல்லவேண்டும் என்பதே கோமகனின் எண்ணம். அவ்விண்ணப்பத்தின் பின் அவர் என்ன ஆனார் என்பதை வரலாறு சொல்லவில்லை.

கதரீனா இருபது ஆண்டுகள் நிறைவாக வாழ்ந்தார். அறுவரைப் பெற்றார், தோட்டமும் தொழுவமும் மதுவடிப்பும் நடத்தி, விருந்தினர் நிறைந்த வீட்டைக் காத்தார். 1546ஆம் ஆண்டு லூதர் மறைந்தார். அவ்வாண்டே போர் மூண்டது. கதரீனா பிள்ளைகளுடன் இருமுறை ஊரைவிட்டு ஓடினார். திரும்பி வந்தபோது நிலம் பாழாய்க் கிடந்தது, கால்நடைகள் அழிந்திருந்தன. உதவி வேண்டி டென்மார்க்கு அரசருக்குக் கடிதங்கள் எழுதினார். 1552ஆம் ஆண்டு, கொள்ளைநோய்க்கு அஞ்சி ஓடும் வழியிலே வண்டியிலிருந்து வீழ்ந்து, தோர்கோ நகரில் உயிர் நீத்தார். அவரை மடத்திலிருந்து மீட்ட வணிகரின் ஊர் அது.

வென்ற அணியின் விதவையும் தோற்ற அணியின் விதவையும் முடிவில் அரசர்களுக்கு விண்ணப்பம் எழுதும் ஒரே நிலைக்கு வந்தனர். விசுவாசம் ஆன்மாவுக்கு, வாள் உலகுக்கு என்று இரண்டாக வகுத்துவைத்த எல்லைக்கோட்டைப் போர் ஒருபோதும் மதித்ததில்லை; அது வீட்டு வாசலைத் தாண்டியே வரும். கடவுள் தம் வீட்டுத் தொட்டிலருகே நிற்கிறார் என்று கண்டவர், குடியானவன் வீட்டுத் தொட்டிலருகிலும் அவரே நிற்கிறார் என்று கண்டிருப்பாராயின், 1525ஆம் ஆண்டு மே மாதத்திலே அவர் பேனா வேறு விதமாக எழுதியிருக்கும். புதிதாய் மணந்து, விளக்கேற்றி, வேதம் வாசித்து, நாட்டு நடப்பைப் பேசும் எந்த வீட்டிலும் நினைக்கத்தக்கது இது.