ஸ்கூபா பயிற்சி: தங்குமிடம் தடையாகலாமா?

அந்தமானின் ஸ்வராஜ் தீவுக்கு ஸ்கூபா டைவிங் கற்கச் செல்வதற்கு முன், பயிற்சிக் கட்டணம் குறித்து நான்கு பள்ளிகளில் விசாரித்தேன். எங்கே தங்குவது என்பதைப் பற்றி ஒருவரிடமும் கேட்கவில்லை. இணையத்தில் கண்டவற்றுள் மிகக் குறைந்த வாடகை எதுவோ, அதைப் பதிவு செய்தேன். நாளொன்றுக்கு 400 ரூபாய் மிச்சம் என்ற மகிழ்ச்சி இரண்டு நாள்கூட நீடிக்கவில்லை.

நான் எடுத்த அறை, ஹேவ்லாக் என்று இன்றும் பலர் அழைக்கும் அத்தீவின் மேற்குக் கரையில், ராதாநகர் கடற்கரையை ஒட்டி இருந்தது. டைவிங் பள்ளிகளில் பெரும்பாலானவையோ கிழக்குக் கரையில், கோவிந்த நகர், விஜய நகர் பகுதிகளில் உள்ளன. பயிற்சிப் படகு விடியற்காலையில் புறப்பட்டுவிடும். அந்த நேரத்துக்குப் பேருந்து இல்லை. ஆட்டோவுக்குக் கொடுத்தது மிச்சம் பிடித்ததைவிட அதிகம். மூன்றாம் நாள் மழையில் ஆட்டோ வரவில்லை. படகு எனக்காகக் காத்திருக்கவும் இல்லை. ஒரு நாள் பயிற்சி தள்ளிப்போனது. கூடுதலாக ஓர் இரவு வாடகை, விமானப் பயணச்சீட்டை மாற்றிய கட்டணம் எனச் செலவு வளர்ந்தது.

தங்கும் செலவை எவ்வாறு கணக்கிடுவது என்பதை அதன் பிறகே கற்றுக்கொண்டேன். உலகெங்கும் ஏற்கப்படும் முதல் நிலைச் சான்றிதழான 'ஓப்பன் வாட்டர் டைவர்' பெறுவதற்கு மூன்று அல்லது நான்கு நாள்கள் தேவை. பாடம், ஆழமற்ற நீரில் பயிற்சி, பின்னர் கடலில் நான்கு முக்குளிப்புகள் என்பது அதன் வரிசை. தேறியவர் 18 மீட்டர் ஆழம் வரை இறங்கலாம். ஆனால், நான்கு நாள் பயிற்சிக்கு நான்கு இரவுகள் போதா.

பயிற்சிக்கு முந்தைய இரவு தீவில் இருந்தாக வேண்டும். பயிற்சி முடிந்த உடனே விமானம் ஏறவும் கூடாது. நீருக்கடியில் மிகுந்த அழுத்தத்தில் சுவாசிக்கும்போது நைட்ரஜன் உடல் திசுக்களில் கரைகிறது. அது வெளியேற நேரம் பிடிக்கும். அதற்குள் அழுத்தம் குறைந்த விமானத்தில் பறந்தால், அது குமிழிகளாகி உயிருக்கே ஆபத்தை விளைவிக்கலாம். பல முறை முக்குளித்தவர் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஒரு முழு நாள் விடுவது இன்னும் நல்லது. இத்துடன், சளி பிடித்தால் காதின் அழுத்தத்தைச் சமன் செய்ய முடியாது என்பதால் அன்றைய பயிற்சி ஒத்திவைக்கப்படும். அதற்காகவும் ஓர் இரவைக் கையிருப்பாகக் கருத வேண்டும். ஆக, நான்கு நாள் பயிற்சிக்கு ஆறு இரவுகள். முதல் சில இரவுகளுக்கு மட்டும் பணம் செலுத்திவிட்டு மீதியைத் தேவைக்கேற்ப நீட்டித்துக்கொள்வதே அறிவுடைமை.

இந்த இரவுகளைக் குறைக்கவும் வழி உண்டு. பாடப் பகுதியை வீட்டிலிருந்தே இணையவழியில் முடிக்கலாம். சென்னை, புதுச்சேரி போன்ற இடங்களில் உள்ள பயிற்சியாளர்களிடம் நீச்சல் குளப் பயிற்சியையும் முடித்து, பரிந்துரைக் கடிதத்துடன் தீவுக்குச் சென்று கடல் முக்குளிப்புகளை மட்டும் மேற்கொள்ளலாம். புத்தாண்டை ஒட்டி உச்சத்தைத் தொடும் வாடகை, கடல் அமைதியாக இருக்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் தணிந்திருக்கும். பள்ளியிடமே தங்குமிடம் உண்டா என்று முதலில் கேட்பது எல்லாவற்றினும் எளிய வழி. நடந்து செல்லும் தூரம், ஈர உடைகளைக் காயவைக்க இடம், இரவில் நிம்மதியான உறக்கம் ஆகிய மூன்றும் இருந்தால் டார்மிட்டரிப் படுக்கையே போதும்.

படகைத் தவறவிட்ட அன்று மாலை நானும் அத்தகைய ஒரு டார்மிட்டரிக்கு மாறினேன். பக்கத்துப் படுக்கையில் தூத்துக்குடி இளைஞர் ஒருவர் இருந்தார். அவருடைய தாத்தா சங்கு குளித்தவர். இவரோ, தொழில்முறையின் முதல் படியான 'டைவ்மாஸ்டர்' பயிற்சிக்கு வந்திருந்தார். அது நான்கு நாள்களில் முடிவதன்று. வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நீளும். "ஃபீஸுக்குக் கடன் வாங்கிட்டேன் சார். படுக்கிறதுக்குக் குடுக்கத்தான் காசு இல்ல" என்றார். நான் புறப்படுவதற்கு முதல் நாள், பயிற்சியைப் பாதியில் விட்டுச் சென்னைக் கப்பலைப் பிடிக்கக் கிளம்பிவிட்டார். மூச்சடக்கும் திறனிலோ கடலறிவிலோ எனக்கு ஆசானாக இருக்கத்தக்கவர் அவர். சான்றிதழ் அட்டை என் பையில் இருக்கிறது.

விடுமுறைக்குச் செல்லும் என்னைப் போன்றோருக்குத் தங்கும் செலவு ஒரு தொந்தரவு மட்டுமே. கடலையே பிழைப்பாகக் கொள்ள விரும்பும் இளைஞருக்கோ, அதுதான் வாசலில் கிடக்கும் பூட்டு. தாய்லாந்தின் கோ தாவ் தீவில், பல டைவிங் பள்ளிகள் பயிற்சியுடன் டார்மிட்டரிப் படுக்கையை இலவசமாகவோ சலுகை வாடகையிலோ தருகின்றன. நீண்ட நாள் தங்கிக் கற்பவர்கள் பெருகினால் பள்ளிக்கும் லாபம், தீவுக்கும் வருமானம் என்பதை அவர்கள் உணர்ந்திருக்கிறார்கள்.

நம் தீவுகளிலும் கடற்கரைகளிலும் இது இயலாததன்று. பயிற்சிப் பள்ளிகள் கட்டணத்துடன் சேர்த்து எளிய தங்குமிடத்தையும் அறிவிக்கலாம். சுற்றுலாப் பயணிகள் குறையும் மாதங்களில் காலியாகக் கிடக்கும் அரசு விடுதி அறைகளில் சிலவற்றைப் பயிற்சி பெறுவோருக்குக் குறைந்த வாடகையில் ஒதுக்கலாம். மீனவ இளைஞர்களுக்கான திறன் பயிற்சித் திட்டங்களில் டைவிங்கைச் சேர்க்கும்போது, கட்டணத்தோடு தங்கும் செலவையும் ஏற்க வேண்டும். கட்டணம் மட்டும் தந்து அனுப்பினால், அந்தத் தூத்துக்குடி இளைஞரைப் போல இன்னும் பலர் பாதியில் கப்பலேறுவார்கள்.