ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி

கணினி உலகில் 'மேம்படுத்தல்' என்னும் சொல்லாடல் எப்போதும் முன்னேற்றத்தின் மொழியிலேயே பேசப்படுகிறது. பழையது போகும், புதியது வரும், அவ்வளவுதான் என்பதாக. போவது யாருடைய பழையது என்று யாரும் கேட்பதில்லை. சிறுபத்திரிகைக்காரர்களாகிய நாம் கேட்டாக வேண்டும். 1990களில் நாம் கொண்டுவந்த இதழ்களில், துண்டறிக்கைகளில் பல பேஜ்மேக்கரில் கோர்க்கப்பட்டவை. அதன் கடைசிப் பதிப்பான 7 வெளிவந்தது 2001இல். அதற்கு யூனிகோடு தெரியாது.

சூளகிரியில் நான் போகும் டிடிபி கடையில் இரண்டு கணினிகள். மூலையில் இருப்பதற்கு இணைய இணைப்பு கிடையாது. பழைய விண்டோஸ், பேஜ்மேக்கர், பாமினி எழுத்துரு, அவ்வளவே. "அதத் தொடாதீங்கண்ணா, அப்டேட் போட்டா என் பொழப்பு போயிடும்" என்கிறார் கடைக்காரர். பழமைவாதம் என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். விஷயம் தெரிந்தவர் அவர்தான்.

என்ன விஷயம்? பாமினி வகை எழுத்துருக்களில் கணினிக்குத் தமிழ் என ஒன்று இருப்பதே தெரியாது. 'தமிழ்' என்று நாம் அடிக்கும்போது அது சேமித்துக்கொள்வது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்கிற ஐந்து குறிகளை. அவற்றின் மேல் தமிழ் முகத்தை மாட்டுவது எழுத்துரு. எழுத்துரு தொலைந்தால் பிரதி உளறலாகிவிடும். வேறு எழுத்துருவை மாட்டினாலோ வேறுவிதமான உளறல். எங்கள் எல்லைப்புறத்தில் இந்தக் கூத்து மும்மடங்கு. ஒரே அழைப்பிதழில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் வருவதுண்டு. பழைய எழுத்துருக்களில் இம்மூன்றும் ஒரே இடங்களில்தான் மாறிமாறிக் குடியிருந்தன.

யூனிகோடு 1991இல் இவற்றுக்குத் தனித்தனி வீடு கொடுத்தது. அடுத்தடுத்த வீடுகள்: தமிழுக்கு 128 இடம், தெலுங்குக்கு 128, கன்னடத்துக்கு 128, எங்கள் பஸ் ஸ்டாண்டு மாதிரியே. ஆனால் வீட்டின் வரைபடம் நம்முடையதல்ல. இந்திய அரசின் இஸ்கி தரத்திலிருந்து எடுக்கப்பட்டது; வர்க்க எழுத்துகளுக்கான இடங்கள் தமிழில் காலியாகவே கிடக்கின்றன. அகரம் ஏறிய 'க' அங்கே மூலம். மெய்யெழுத்தான 'க்' அதனுடன் புள்ளி சேர்த்துப் பெறப்படுவது. ஆக, நம் கணக்கில் மூன்றெழுத்தான 'தமிழ்' அங்கேயும் ஐந்து குறிகள். இலக்கண மரபு மெய்யையும் உயிரையும் முதலாகக் கொள்ள, குறியேற்றம் அதைத் தலைகீழாக்குகிறது என்னும் விமர்சனம் இதிலிருந்து எழுந்ததே. ஒவ்வோர் எழுத்துக்கும் தனி இடம் தரும் டேஸ்16 அதன் விளைவு. தமிழக அரசு 2010இல் யூனிகோடோடு அதையும் மாற்றுத் தரமாக ஏற்றது. ஆனாலும் வென்றது யூனிகோடுதான். எனக்கு அதில் பெரிய வருத்தமில்லை. தேடினால் கிடைக்கிற, அண்டை மொழியோடு சண்டையின்றி ஒரே பக்கத்தில் நிற்கிற எழுத்து வேண்டும்.

வருத்தம் வேறிடத்தில். பழைய கோப்பை மாற்ற நிரல்கள் உண்டு. நிரலாளர் படும் பாட்டைப் பாருங்கள்: பழைய முறையில் 'கொ' என்பது கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கொம்பு, க, கால். யூனிகோடில் முதலில் க, பிறகு ஒரே குறியாக ஒகர உயிர்க்குறி. வரிசையைக் கலைத்து அடுக்க வேண்டும். அதுகூடப் பரவாயில்லை. 'கௌ' எழுத்தின் பின்பாதியும் 'ள'வும் கண்ணுக்கு ஒன்றுதான். பலரும் 'ள'வையே அடித்துவைத்தார்கள். 'கௌரவம்' இதனால்தான் 'கெளரவம்' ஆகிறது. 'கெளுத்தி' மீனை விட்டுவிட்டு 'கௌரவ'த்தை மட்டும் திருத்தச் சொன்னால் எழுத்துமாற்றும் அட்டவணைக்கு எப்படித் தெரியும்? மொழி தெரிந்த ஒருவர் உட்கார்ந்து மெய்ப்புப் பார்த்தாக வேண்டும். அந்த உழைப்புக்கு யாரும் கூலி தருவதில்லை.

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் பொதுவாக நிறுத்திக்கொண்டது. ஆலைகளும் அலுவலகங்களும் கழித்துவிடும் இயந்திரங்களோடு கோப்புகளும் போகும். உங்கள் வீட்டுக் குறுந்தகடுகளை இப்போதே எடுங்கள். கோப்போடு எழுத்துருவையும் சேர்த்து நகலெடுத்து, எழுத்துருவின் பெயரை உறைமேல் பேனாவால் எழுதி வையுங்கள். பக்கங்களைப் பிடிஎஃப் ஆக்கிக்கொள்ளுங்கள். மாற்றுவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.