ஓங்கிலின் மறுமுகம்

நுழையும்முன்

மனிதனின் நண்பன் என்று உலகெங்கும் போற்றப்படும் கடல்வாழ் உயிரினம் ஓங்கில். டால்பின் என்னும் பெயரால் பரவலாக அறியப்படும் இவ்வுயிரினம், தன்னை ஒத்த வேறோர் இனத்தைத் துரத்திக் கொல்கிறது. கொன்றதை உண்ணாமல் விட்டுச் செல்கிறது. கரையொதுங்கிய உடல்களிலிருந்து அறிவியல் இவ்வுண்மையை வெளிக்கொணர்ந்த வகையையும், அதனால் மனிதர் பெறும் தெளிவையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

சிரிக்கும் முகம்

கடலில் வாழினும் ஓங்கில் மீன் அன்று. நுரையீரலால் மூச்சுவிட்டு, குட்டி ஈன்று, பாலூட்டி வளர்க்கும் விலங்கு அது. கூட்டமாக வாழ்வதும், ஒலியெழுப்பி அதன் எதிரொலியால் இரையையும் வழியையும் அறிவதும், தம்முள் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்வதும் அதன் சிறப்புகள். கடலில் வீசப்பட்ட பாடகன் ஆரியனை ஓங்கில் ஒன்று முதுகில் சுமந்து கரைசேர்த்தது என்பது பழைய கிரேக்கக் கதை. அன்றுதொட்டு, அன்பின் உருவமாகவே ஓங்கில் எண்ணப்பட்டு வந்துள்ளது.

இவ்வெண்ணத்திற்கு அதன் முகத்தோற்றமும் ஒரு காரணம். குப்பிமூக்கு ஓங்கிலின் வாயோரம் மேல்நோக்கி வளைந்திருப்பதால், அது எப்பொழுதும் புன்னகை பூப்பதுபோல் தோன்றுகிறது. அஃது உடலமைப்பேயன்றி உணர்ச்சி அன்று. அன்புடன் நீந்தும்போதும் சினந்து பாயும்போதும் அம்முகம் மாறுவதில்லை. முகத்தைக் கண்டு அகத்தை மதிப்பிடுதல் எத்துணைப் பிழையானது என்பதைக் கடற்கரை ஒன்று உணர்த்தியது.

கரையொதுங்கிய கடற்பன்றிகள்

ஸ்காட்லாந்தின் வடகிழக்கில் நிலத்தினுள் புகுந்து கிடக்கும் கடற்பகுதி, மோரே விரிகுடா. இதையும் இதனை அடுத்த கடற்கரையையும் வாழிடமாகக் கொண்டு ஏறத்தாழ 200 குப்பிமூக்கு ஓங்கில்கள் வாழ்கின்றன. குளிர்ந்த வடகடலில் வாழ்வதால் இவை பருத்த உடலுடையவை. நான்கு மீட்டர் நீளத்தை நெருங்குபவையும் உண்டு. சானன்ரி முனையின் கரையில் நின்றபடியே இவற்றின் துள்ளலைக் கண்டு மகிழ மக்கள் திரள்வர்.

அதே கடலில் கடற்பன்றி என்னும் சிறிய உயிரினமும் வாழ்கிறது. ஓங்கிலுக்கு உறவுடையதாயினும் இது தனிக்குடும்பத்தைச் சேர்ந்தது. நீளம் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர். எடை 50 முதல் 60 கிலோ. 1990களின் தொடக்கத்தில் இக்கடற்கரையில் இறந்து ஒதுங்கிய கடற்பன்றிகளைக் கால்நடை மருத்துவர்கள் அறுத்துச் சோதித்தனர். பல உடல்களில் விலா எலும்புகள் நொறுங்கியிருந்தன. நுரையீரலும் கல்லீரலும் கிழிந்திருந்தன. உள்ளே இத்துணைச் சிதைவு இருந்தும் வெளித்தோல் பெரிதும் சிதையாமல் இருந்தமை வியப்பளித்தது.

ஐயம் முதலில் மனிதர்மீதே விழுந்தது. படகுகள் மோதியிருக்கலாம், மீன்பிடி வலைகளில் சிக்கியிருக்கலாம் என்று எண்ணப்பட்டது. கடல் விலங்குகளின் இறப்புக்கு இவை இரண்டும் உண்மையிலேயே காரணமாவதால், அவ்வெண்ணம் இயல்பானதே.

பற்கள் கூறிய சான்று

தோலின்மீது காணப்பட்ட இணைகோட்டுக் கீறல்களே இப்புதிரை அவிழ்த்தன. ஒன்றுக்கொன்று ஏறத்தாழச் சம இடைவெளியில் அமைந்த அக்கீறல்கள் படகின் சுழல்விசிறியால் விளைந்தவையாகத் தோன்றவில்லை. வலையின் தடமும் அன்று. ஆய்வாளர்கள் அவ்விடைவெளியைக் குப்பிமூக்கு ஓங்கிலின் பல்வரிசையோடு ஒப்பிட்டனர். இரண்டும் பொருந்தின. ஓங்கில்கள் கடற்பன்றிகளைத் துரத்துவதும், முகத்தால் முட்டுவதும், நீருக்குமேல் தூக்கியெறிவதும் விரிகுடாவில் நேரிலும் காணப்பட்டன. ராஸ், வில்சன் ஆகிய இருவரும் 1996ஆம் ஆண்டு இலண்டன் அரச கழகத்தின் ஆய்விதழில் இச்செய்தியை வெளியிட்டனர்.

வேகமாக நீந்திவரும் பேருடல் முட்டும்போது அவ்விசை தோலைக் கிழிக்காமல் உள்ளே பாய்ந்து எலும்பையும் உறுப்புகளையும் தாக்குகிறது. உள்ளே சிதைந்தும் வெளியே சிதையாமலும் இருந்த உடல்களின் புதிர் இவ்வாறு விடுபட்டது.

தெரியுமா?

ஓங்கிலின் பற்கள் கூம்பு வடிவினவை; கடற்பன்றியின் பற்களோ மண்வெட்டியின் அலகுபோல் தட்டையானவை. ஓங்கிலுக்கு முகம் அலகுபோல் நீண்டிருக்கும். கடற்பன்றிக்கு முகம் மழுங்கியிருக்கும்.

உண்ணாமல் கொல்வது ஏன்?

விலங்கு விலங்கைக் கொல்வது பெரும்பாலும் பசியால். ஆனால் மோரே விரிகுடாவின் ஓங்கில்கள் தாம் கொன்றவற்றைத் தின்னவில்லை. ஆகவே, இஃது இரைவேட்டை அன்று. உணவுப் போட்டி காரணமாகலாம் என்பது ஒரு கருத்து. இரண்டு இனங்களும் ஒரே கடலில் மீன் தேடுபவை. போட்டியாளரை விரட்டுவது ஓங்கிலுக்கு நன்மை தரும்.

மற்றொரு கருத்து மேலும் ஆழமானது. 1998ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வொன்று, அதே கடற்பகுதியில் இறந்து கிடந்த ஓங்கில் குட்டிகளை ஆராய்ந்தது. சோதிக்கப்பட்ட ஐந்து குட்டிகளுள் நான்கு, பெரிய ஓங்கில்களால் கொல்லப்பட்டதற்கான அடையாளங்களைக் கொண்டிருந்தன. தாக்கப்பட்ட கடற்பன்றிகளும் இக்குட்டிகளும் உடலளவில் ஒத்திருந்தன. எனவே, குட்டிகளைக் கொல்லும் இயல்பே கடற்பன்றிகள்மீதும் திரும்பியிருக்கலாம் என்று அவ்வாய்வு கருதியது.

குட்டிக்கொலை விலங்குலகில் புதிதன்று. கருநாடகத்தின் தார்வாடு காடுகளில் அனுமன் குரங்குகளை 1960களில் ஆராய்ந்த சப்பானிய அறிஞர் சுகியாமா, கூட்டத்தைப் புதிதாகக் கைப்பற்றிய ஆண்குரங்கு அங்கிருந்த குட்டிகளைத் தாக்கியதைப் பதிவு செய்தார். சிங்கங்களிடமும் இவ்வியல்பு உண்டு. பாலூட்டும் தாய் எளிதில் மீண்டும் கருவுறுவதில்லை. குட்டியை இழந்தவள் விரைவில் கருவுறுவாள். பிற ஆணின் குட்டி மறைந்தால், கொன்ற ஆணின் மரபு தொடர வாய்ப்பு மிகுகிறது. பெண் ஓங்கில் தன் குட்டிக்கு மூன்றாண்டும் அதற்கு மேலும் பாலூட்டுவதால், இக்காரணம் அவ்வினத்திற்கும் பொருந்தக்கூடியதே.

பிற கடல்களில்

இத்தகைய தாக்குதல் ஸ்காட்லாந்தோடு நின்றுவிடவில்லை. கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் கடற்பன்றிகளைத் தாக்கிக் கொன்ற குப்பிமூக்கு ஓங்கில்களைப் பற்றிய ஆய்வு 2012இல் வெளிவந்தது. தாக்கியவற்றுள் பால் அறியப்பட்டவை பெரும்பாலும் ஆண்களே. இனப்பெருக்கக் காலத்தில் ஆண்களிடம் மிகும் மூர்க்கம் இங்கே காரணமாகலாம் என எண்ணப்படுகிறது.

கொலையாளித் திமிங்கலம் எனப்படும் ஓர்க்கா, உண்மையில் ஓங்கில் குடும்பத்தின் மிகப்பெரிய உறுப்பினர். வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் வாழும் ஓர்க்காக்களுள் ஒரு கூட்டம் சால்மன் மீனை முதன்மையாக உண்டு வாழ்கிறது. பாலூட்டிகளை அவை இரையாக்குவதில்லை. ஆயினும் 1962 முதல் 2020 வரை அவை கடற்பன்றிகளைத் துன்புறுத்திய 78 நிகழ்வுகளை ஆய்வாளர்கள் திரட்டியுள்ளனர். சிலவற்றில் கடற்பன்றி இறந்தது. ஆனால் எதிலும் உண்ணப்படவில்லை. விளையாட்டு, வேட்டைப் பயிற்சி, குட்டியைத் தாங்கிச் சுமக்கும் தாய்மையுணர்வின் பிறழ்வு என மூன்று விளக்கங்கள் முன்வைக்கப்பட்டன. ஒரே செயலுக்கு இடத்திற்கேற்ப வெவ்வேறு காரணங்கள் இருக்கலாம் என்பதே இவற்றால் பெறப்படும் முடிவு.

எதிர்ப்பும் இணக்கமும்

தாக்கப்படும் இனங்கள் தற்காப்பற்றவை அல்ல. கடற்பன்றி எழுப்பும் ஒலியின் அதிர்வெண் ஏறத்தாழ 130 கிலோஹெர்ட்ஸ். ஓர்க்காவின் கேட்கும் எல்லைக்கு அது மேற்பட்டது. பகைவர் செவிக்கு எட்டாமல் பேசும் இத்திறன் அதற்கு ஒரு கேடயம். ஆனால் குப்பிமூக்கு ஓங்கிலின் செவி இவ்வொலியையும் கேட்கவல்லது. ஒரு பகைக்கெதிரான கேடயம் மற்றொரு பகையின்முன் பயனற்றுப் போகிறது.

பகாமாஸ் தீவுகளின் தெளிந்த நீரில் வேறொரு காட்சி. அங்கே புள்ளி ஓங்கில்களும் குப்பிமூக்கு ஓங்கில்களும் ஒரே மணற்றிட்டுகளில் வாழ்கின்றன. 1985 முதல் அவற்றை ஆராய்ந்துவரும் டெனிஸ் ஹெர்சிங், இரு இனங்களும் ஒன்றாக நீந்துவதையும் மோதிக்கொள்வதையும் பதிவு செய்துள்ளார். உருவில் பெரிய குப்பிமூக்கு ஆண்கள் புள்ளி ஓங்கில்களை அடக்க முற்படும். புள்ளி ஓங்கில்களோ பலவாகத் திரண்டு, ஒரே இயக்கமாக நீந்தித் தம்மினும் பெரியவற்றைத் துரத்தும். தனித்து நிற்கையில் தோற்பவை, ஒருங்கிணைகையில் வெல்கின்றன.

பாதுகாப்பும் பார்வையும்

மோரே விரிகுடா, குப்பிமூக்கு ஓங்கிலுக்கான சிறப்புப் பாதுகாப்புப் பகுதியாக 2005இல் அறிவிக்கப்பட்டது. கடற்பன்றியும் சட்டத்தின் காவலைப் பெற்ற உயிரினமே. காக்கப்படும் ஒன்று காக்கப்படும் மற்றொன்றைக் கொல்கிறது. எதன் பக்கம் நிற்பது என்று இங்கே வினவுதல் பொருந்தாது. பல தலைமுறைகளாக ஒரே கடலைப் பகிர்ந்துவரும் இரு இனங்களின் உறவை மனிதரின் அறநூலால் அளத்தல் இயலாது. மனிதர் பொறுப்பேற்க வேண்டியவை வேறு: வலைகளில் சிக்கி மடியும் கடற்பன்றிகள், கப்பல்களின் பேரொலி, நீரில் கலக்கும் நஞ்சு.

கடற்பன்றிகளைப் படகுகளே கொன்றன என்னும் ஐயத்தோடு ஆய்வு நின்றிருந்தால், உண்மை வெளிப்பட்டிராது. ஓங்கில் கொடியது என்று அஞ்சி வெறுப்பதும், அது தூயது என்று புகழ்ந்து போற்றுவதும் ஒரே பிழையின் இரு பக்கங்களாகும். விரும்பியதைக் காணாமல் உள்ளதை உள்ளவாறு காண்பதே அறிவியல். அவ்வாறு அறியப்பட்ட உயிரினத்தைத்தான் உண்மையாகக் காக்கவும் இயலும்.

கற்பவை கற்றபின்...

1. 'முகத்தோற்றம் குணத்தின் சான்றாகாது' – இக்கூற்றைப் பாடக்கருத்துகளின் துணையுடன் வகுப்பில் விவாதிக்க.

2. கடற்பன்றிகளின் இறப்புக்கான காரணத்தை ஆய்வாளர்கள் கண்டறிந்த படிநிலைகளை வரிசைப்படுத்தி எழுதுக.